அந்தத் தொண்டை மிட்டாயை எதற்கு வாங்கினாய், தம்பி?

கேள்வி: எனக்கு 21 வயது. இன்ஜினீயரிங் கடைசி வருடம். கூடப் படிக்கும் பெண்ணும் நானும் ஒரு வருடமாக விரும்புகிறோம். அவளுக்கும் என் வயதுதான். மூன்று வாரத்துக்கு முன் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டைக் காட்ட அழைத்துப் போனேன். அவள் சம்மதித்துத்தான் நெருக்கமாக இருந்தோம். அப்போது அவள் கழுத்தை அழுத்திப் பிடித்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவே இல்லை. அமெரிக்கக் கல்லூரிப் பெண்களில் பாதிக்கு மேல் இதை அனுபவித்தவர்கள்தான் என்று ஆய்வே இருக்கிறது. சாயங்காலம் பஸ் ஏற்றும்போதுகூட நன்றாகத்தான் இருந்தாள், தொண்டை கட்டியிருந்ததால் மிட்டாய் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அதிலிருந்து பேசுவதில்லை. எங்கள் ஆச்சியை (அக்காவை) விட்டுப் பேசச் சொல்லலாமா? எப்படிச் சமாதானப்படுத்துவது?
- பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: தம்பி, ஆய்வு, சமாதானம் எல்லாம் இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டில் அந்த மிட்டாயை எதற்கு வாங்கினாய்?

காலையில் வரும்போதே தொண்டை கட்டியிருந்தது என்று நீ எழுதவில்லை. அவள் கேட்டாள் என்றும் எழுதவில்லை. நீயாகவே கடைக்குப் போய், காசு கொடுத்து வாங்கி வந்து அவள் கையில் வைத்திருக்கிறாய். அப்படியென்றால் அவள் குரல் மாறியது உன் காதில் விழுந்திருக்கிறது, எதனால் மாறியது என்பதும் உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ‘வலிக்கிறதா, நான் அழுத்தினதாலா’ என்று கேட்க உனக்கு வாய் வரவில்லை. அதே வரியில் ‘நன்றாகத்தான் இருந்தாள்’ என்று வேறு எழுதுகிறாய். குரல் போன பெண் எப்படியப்பா நன்றாக இருப்பாள்?

வேண்டாம் என்று சொல்லவில்லையாம். குரல்வளையில் உன் கை இருக்கும்போது எந்த வழியாகச் சொல்வாள்? நீ சாட்சிக்குக் கூப்பிடுகிற ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் டெபி ஹெர்பெனிக் குழு 4,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டு 2022-ல் வெளியிட்டது. பாதிக்கு மேல் என்கிற வரியோடு நிறுத்திவிட்டாயே, மிச்சத்தைப் படித்தாயா? கழுத்து நெரிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 43 பேர் மூச்சுவிட முடியாதது போல இருந்தது என்றார்கள். 37 பேருக்கு மேல் பேசவே முடியவில்லை என்றார்கள். நூற்றில் மூன்று பேர் நினைவிழந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அது இன்பமாகவும் இருந்தது என்றார்கள், அதையும் மறைக்கமாட்டேன். ஆனால் அந்த மாணவர்கள் சொன்னது அவர்களைப் பற்றி. உன்னோடு வந்தவளை யாரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. எங்கோ எத்தனையோ பேருக்கு நடந்தது என்பதால் இவளுக்கு நடந்தது சரியாகிவிடாது.

இன்னொன்று, அந்த வீடு. பங்காளிகள் ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டு, விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற வீடு அது, எனக்குத் தெரியும். முகப்பில் கூப்பிட்டால் இரண்டாங்கட்டில் கேட்காது. தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பார்க்க ஆசையாக வந்த பெண், ஊரும் தெரியாது, அக்கம்பக்கத்து ஆளும் தெரியாது, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு உன்னை நம்பித்தான் போகவேண்டும். அந்த நிலையில் அவள் சிரித்திருந்தாலும், பேசாமல் இருந்திருந்தாலும், அது பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்கிற கவலையாக இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

கல்யாணத்துக்கு முன்னால் இப்படிப் பழகுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் தாலி கட்டிய பிறகு நீ இதைச் செய்திருந்தாலும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பேன். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தில் பாலியல் வல்லுறவைப் பற்றிய 63-வது பிரிவு, சம்மதம் என்பது அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு ஐயத்துக்கு இடமில்லாமல் தரப்பட வேண்டும் என்கிறது. உடம்பால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஒப்புக்கொண்டாள் என்று கொள்ள முடியாது என்றும் சொல்கிறது. 2013-லேயே வந்த விளக்கம்தான் இது. ஒன்றுக்குச் சரி என்றவள் எல்லாவற்றுக்கும் சரி சொன்னதாக ஆகாது. மனைவி விஷயத்தில் அந்தப் பிரிவு விலக்குக் கொடுத்து ஒதுங்கிக்கொள்வது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

உங்கள் நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களில் இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதாமல் காரியம் நடக்குமா? பெரியவர்கள் உட்கார்ந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, அவ்வளவு முறையாகச் செய்கிற சமூகம். ஆனால் அந்த அப்பத்தாக்களை, ஆயாக்களை யாராவது தனியாக உட்காரவைத்து உனக்கு விருப்பமா என்று கேட்டார்களா? மௌனம் சம்மதம் என்று சொல்லியே எத்தனையோ பெண்களைக் கட்டிக்கொடுத்தோம். அந்தப் பழக்கத்தை நீ கைபேசியில் பார்த்த கண்றாவியோடு சேர்த்து அந்த அறைக்குள் கொண்டுபோயிருக்கிறாய். பெற்றவர்களும் பொறுப்புத்தான். ஆண்பிள்ளைக்கு வட்டிக்கணக்கு சொல்லிக்கொடுத்த வீட்டில், பெண்ணைத் தொடுமுன் கேள் என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. கழுத்தில் மூச்சுக்குழாயும் மூளைக்கு ரத்தம் போகிற தமனிகளும் கைக்கு எட்டுகிற ஆழத்தில்தான் இருக்கின்றன. அழுத்தினால் பத்து விநாடிக்குள் நினைவு போகலாம். தமனியின் உள்சுவர் கிழிந்தால் நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். வெளியே ஒரு தடமும் தெரியாமலே போகலாம். குரல் மாறுவது, விழுங்க முடியாமல் போவது, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், விடாத தலைவலி இவையெல்லாம் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய அறிகுறிகள். நீ மிட்டாய் கொடுத்து பஸ் ஏற்றினாய்.

அவளுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பு. ‘உன்னைக் கேட்காமல் செய்தேன், அது என் தப்பு. கழுத்தையோ குரலையோ தலைவலியையோ பற்றிக் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் உடனே டாக்டரைப் பார், கழுத்து அழுத்தப்பட்டது என்பதை அவரிடம் சொல். நான் இனி தொந்தரவு செய்யமாட்டேன்.’ அவ்வளவுதான். பதில் வந்ததா என்று பார்த்துக்கொண்டு உட்காராதே, மறுபடி அனுப்பாதே, வகுப்பு வாசலில் போய் நிற்காதே. மகளிர் உதவி எண் 181 என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள் அதில் பேசினாலும், புகார் கொடுத்தாலும், அது அவள் உரிமை.

ஆச்சியைத் தூது அனுப்புவது கூடவே கூடாது. கூடப்பிறந்தவள் போய் ‘தம்பி நல்லவன், மனசில் வைத்துக்கொள்ளாதே’ என்று கையைப் பிடித்தால் அந்தப் பெண் பாவம், இன்னொரு முறை வாயடைத்து நிற்க வேண்டிவரும். உன் ஆச்சிக்கும் அது பெரிய அநியாயம், எதற்காகப் பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசப்போகிறாள். விஷயம் பெரிதானால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்று வீட்டில் கிளம்புவார்கள், அதையும் நீதான் தடுக்க வேண்டும். அதற்கு முன்னால் உன்னைப் பெற்ற அப்பச்சியிடமும் ஆத்தாவிடமும் நீயே உட்கார்ந்து நடந்ததைச் சொல், அவள் பெயரைச் சொல்லாமல். அந்த மிட்டாயையும் சேர்த்துச் சொல்.