கிறிஸ்துமஸ் குக்கீஸ்: மாவு முன்பே, சுடுவது கடைசியில்

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். போன கிறிஸ்துமஸுக்கு முதல்முறையாக வீட்டிலேயே பட்டர் குக்கீஸ் செய்தேன். நட்சத்திர அச்சில் வெட்டி வைத்ததெல்லாம் ஓவனுக்குள் அப்பளம் மாதிரி பரவி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. தேறியவற்றை டப்பாவில் போட்டு வைத்தேன்; நாலாம் நாள் கொடுக்க எடுத்தால் நமத்துப்போயிருந்தன. இந்த வருடம் பதினைந்து வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். அதில் பாதிப் பேர் முட்டை சாப்பிடாதவர்கள். கோவையில் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கும் அனுப்ப ஆசை. எவ்வளவு செய்வது, எப்போது ஆரம்பிப்பது? என்னிடம் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்). (ஒரு வாசகி)

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் பெரிய குறை இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் குக்கீ செய்முறைகளில் பாதிக்கு மேல் டிசம்பரில் ஸ்வெட்டர் போடும் ஊர்களில் எழுதியவை. 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்' என்று அவற்றில் இருந்தால், அந்த அறை 20 டிகிரி. நம் ஊரில் டிசம்பர் பகல் 28, 29 டிகிரி. ஓவனும் ஓடிக்கொண்டிருக்கும் அடுப்படி இன்னும் கூடுதல். வெண்ணெய் முழுக்க உருகுவதற்கு 32 முதல் 35 டிகிரி போதும். அதாவது உங்கள் குக்கீ ஓவனுக்குள் போகும்போதே பாதி உருகிய நிலையில்தான் போயிருக்கிறது. மாவு வெந்து இறுகுவதற்கு முன்னாலேயே வெண்ணெய் ஓடிவிட்டால், நட்சத்திரம் தோசையாகத்தான் ஆகும்.

நமத்துப்போனதும் ஊர் வாகுதான். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரைக்கும் இருக்கிறது, காற்றில் ஈரம் அதிகம். சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எனவே இரண்டு பிரச்சினைகளுக்கும் நான் சொல்வது ஒரே வழி: மாவை முன்கூட்டியே பிசைந்து ஃப்ரீசரில் போடுங்கள், சுடுவதைக் கடைசி இரண்டு நாட்களுக்குத் தள்ளிப்போடுங்கள். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். முறுக்கு, அதிரசம் போல ஒரு வாரத்துக்கு முன்பே சுட்டு அடுக்கிவிடுகிறோம். அதிரசம் தாங்கும்; வெண்ணெய் பிஸ்கட்டுக்கு மழைக்காலம் ஆகாது.

செய்முறைக்கு வருவோம். ஸ்காட்லாந்துக்காரர்களின் ஷார்ட்பிரெட் கணக்கு ஒன்று இருக்கிறது: எடையில் ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. இதில் முட்டையே கிடையாது, சோடாவும் வேண்டாம். உங்கள் அக்கம்பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான குக்கீ எனக்குத் தெரியவில்லை. 100 கிராம் சர்க்கரை, 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 300 கிராம் மாவு. அந்த 300 கிராமில் 270 மைதாவும் 30 சலித்த அரிசி மாவுமாக இருக்கட்டும். அரிசி மாவு சேர்ப்பதும் அந்த ஊர்ப் பழைய வழக்கம்தான். கடிக்கும்போது ஒரு மொறுமொறுப்பு கிடைக்கும். சர்க்கரையை மிக்ஸியில் நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை உப்பு. உப்புப் போட்ட வெண்ணெய்தான் கிடைத்தது என்றால் அந்தச் சிட்டிகையை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

வெண்ணெய் என்றால் வெண்ணெயாகவே இருக்க வேண்டும். பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் 'ஸ்ப்ரெட்' வகைகளில் கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம். அவற்றில் செய்தால் எவ்வளவு குளிரவைத்தாலும் சரியாக வராது. கூடவே ஒரு தராசும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கப் மைதா என்பது நீங்கள் அள்ளும் விதத்தைப் பொறுத்து 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். மற்ற சமையலில் இது பெரிய விஷயமில்லை. குக்கீயில் அந்த 30 கிராம்தான் பரவுவதா நிற்பதா என்பதை முடிவு செய்கிறது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக்கி வெளியே பத்து நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பசை மினுங்கக் கூடாது. மினுங்கினால் திரும்ப ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் ஒன்றுசேரும்வரை குழைத்தால் போதும். கேக்குக்குச் செய்வது போல நுரைக்க அடிக்காதீர்கள். உள்ளே போகும் காற்று ஓவனில் உப்பிவிட்டு அமுங்கும், அமுங்கும்போது குக்கீயும் பரவும். மாவைக் கொட்டி, கையால் சேர்த்துப் பிடித்தால் உருண்டையாக நின்றால் சரி. சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைய வேண்டாம், இறுகிப்போகும்.

இப்போது அந்த 600 கிராம் மாவை இரண்டாகப் பிரித்து, 5 சென்டிமீட்டர் குறுக்களவில் உருளைகளாக உருட்டுங்கள். ஒவ்வொன்றையும் க்ளிங் ஃபிலிமில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு சுற்று சொல்வதற்குக் காரணம், பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் வெண்ணெய் இழுத்துக்கொள்ளும். மீன் இருக்கும் ஃப்ரீசர் என்றால் மூன்று சுற்று. இப்படி ஒரு மாதம் தாராளமாக இருக்கும். சுடுவதற்கு முந்தைய இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, மறுநாள் கத்தியால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லைகள் போட்டால் வேலை முடிந்தது. நட்சத்திர அச்சுதான் வேண்டும், பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றால், மாவை இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, தாளோடு குளிரவைத்து, பிறகு வெட்டுங்கள். வெட்டியதை ட்ரேயோடு இன்னொரு இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஓவனுக்கு அனுப்புங்கள்.

தாள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கடைகளில் 'பட்டர் பேப்பர்' என்று கேட்டால் சில சமயம் பண்டம் பொதியும் மெல்லிய தாளைக் கொடுத்துவிடுவார்கள். அது ஓவனில் புகையும், ஒட்டவும் செய்யும். 'பேக்கிங் பேப்பர்' என்று கேட்டு, அட்டையில் எத்தனை டிகிரி தாங்கும் என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ட்ரேயில் நெய் தடவும் பழக்கத்தை குக்கீக்கு மட்டும் விட்டுவிடுங்கள். வழுக்கும் தரையில் குக்கீ இன்னும் நன்றாகப் பரவும்.

ஓடிஜியை 160 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரிய, கால் மணி நேரம் முன்சூடு செய்யுங்கள். நடுத் தட்டில் 16 முதல் 20 நிமிடம். சின்ன ஓடிஜிகளில் முள் காட்டும் வெப்பமும் உள்ளே இருக்கும் வெப்பமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அதனால் முதலில் இரண்டே இரண்டு வில்லைகளைச் சுட்டுப் பாருங்கள். பரவினால் மீதி மாவில் இரண்டு மேசைக்கரண்டி மைதா சேர்க்கலாம், அடி கருகினால் வெப்பத்தைப் பத்து டிகிரி குறைக்கலாம். அந்த இரண்டு குக்கீதான் மற்ற நூற்று ஐம்பதுக்கும் காப்பீடு. ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுங்கள். நடுவில் மெத்தென்று இருக்கும், ஆற ஆற இறுகும். ஆனால் வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் உள்ளே ஈரம் தங்கிவிடும், அதுவும் சீக்கிரம் நமத்துப்போகும். அடுத்த ஈடை சூடான ட்ரேயில் அடுக்காதீர்கள். இரண்டு ட்ரே வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வேலை செய்யுங்கள், அல்லது குழாயடியில் காட்டி ஆறவையுங்கள். முதல் ஈடு நன்றாக வந்து இரண்டாம் ஈடு பரவியது என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

கணக்கு: வில்லை ஒன்று 20 கிராம் என்றால் மேலே சொன்ன அளவில் முப்பது வரும். வீட்டுக்கு எட்டு வீதம் பதினைந்து வீட்டுக்கு 120. மகளுக்கும் உங்கள் வீட்டுக்கும் சேர்த்து 150 என்று வையுங்கள். ஆக ஐந்து மடங்கு: வெண்ணெய் ஒரு கிலோ, சர்க்கரை அரை கிலோ, மைதா 1.35 கிலோ, அரிசி மாவு 150 கிராம். உங்கள் ஓடிஜி ட்ரேயில் பன்னிரண்டு அடுக்கலாம், அதாவது பதின்மூன்று ஈடு. ஒரே மூச்சில் செய்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசி ஈடு வரும்போது பண்டிகையே வேண்டாம் என்று தோன்றிவிடும். மகளுக்கான ஈடுகளை 17ஆம் தேதியை ஒட்டி முடித்துவிட்டு, மற்றதை 22, 23 மாலைகளில் பிரித்துச் செய்யுங்கள். 24ஆம் தேதியை விட்டுவிடுங்கள். இரவு ஆராதனை, விடிந்தால் பிரியாணி என்று அன்றைக்கு அடுப்படி உங்கள் கையில் இருக்காது. மாவு பிசைவதை டிசம்பர் முதல் வாரத்திலேயே, நாளொன்றுக்கு ஒரு மடங்கு (600 கிராம்) என்று முடித்துக்கொள்ளலாம்.

சுட்டதைக் கம்பித் தட்டில் முழுக்க ஆறவிட வேண்டும், குறைந்தது ஒரு மணி நேரம். வெதுவெதுப்பாக இருக்கும்போது மூடினால் அந்த ஆவியே உள்ளே வேர்த்து நமக்க வைக்கும். எவர்சில்வர் டப்பா பார்க்க நன்றாக இருக்கும், காற்று புகாமல் மூடுவது அதில் குறைவு. ரப்பர் வளையம் உள்ள டப்பா நல்லது. பரணில் பழைய டேனிஷ் பிஸ்கட் தகர டப்பா இருந்தால், அதிலிருக்கும் ஊசி நூலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, மூடி விளிம்பில் டேப் ஒட்டிப் பயன்படுத்துங்கள். ஒரு டப்பாவில் ஒரு வகைதான். பிளம் கேக்கையும் குக்கீயையும் ஒன்றாக மூடி வைத்தால், கேக்கின் ஈரம் குக்கீக்குப் போய் இரண்டுமே கெடும். பெருங்காயம் போட்ட முறுக்கு பக்கத்தில் இருந்தால் குக்கீயும் பெருங்காய வாசனை அடிக்கும்.

இதே காரணத்துக்காக, பண்டிகைத் தட்டில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து மேலே கைக்குட்டை போட்டுக் கொடுக்கும் வழக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். கேக், முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் தட்டில் இருக்கட்டும், குக்கீயை மட்டும் சின்ன கவரில் கட்டி ஓரமாக வையுங்கள். அவர்கள் உடனே சாப்பிடுவதில்லை. இரவு டிவி பார்க்கும்போதுதான் எடுப்பார்கள். அப்படியும் நமத்துவிட்டது என்றால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். இதைக் கவரில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கூட வைக்கலாம்.

அந்தச் சீட்டில் எழுத வேண்டியவை வேறு சிலவும் உண்டு. 'முட்டை இல்லை' என்றும், முந்திரி சேர்த்திருந்தால் 'முந்திரி இருக்கிறது' என்றும் தெளிவாக எழுதுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வீட்டில் இது மரியாதைக்கும் மேலான விஷயம். ஒரே ஓவனில் முட்டைக் கேக்கும் செய்கிறீர்கள் என்றால் குக்கீயை முதலில் செய்துவிட்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று சிலர் சொல்லலாம், தப்பில்லை. இன்னொன்று, கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்களின் மண்டல விரதம் கிறிஸ்துமஸையும் தாண்டித்தான் முடியும். மாலை போட்டிருக்கும் வீடு என்றால், என்ன கொடுத்தால் வசதி என்று முன்பே கேட்டுவிடுங்கள். பழமாகக் கொடுத்துவிட்டு, மாலை கழற்றியதும் குக்கீ கொடுக்கலாம். உருளை ஒன்று ஃப்ரீசரில்தானே இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கென்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் செய்வதை நான் ஆதரிப்பதில்லை. மொறுமொறுப்பு போய்விடும், மைதாவும் வெண்ணெயும் அப்படியே இருக்கும், நல்லது என்று நம்பி அவர்கள் நாலு கூடுதலாகச் சாப்பிடுவார்கள். எட்டுக்குப் பதில் நாலு கொடுங்கள். வெல்லம், கருப்பட்டி போட்டுச் செய்தால் ருசி அருமைதான், ஆனால் அவை சர்க்கரையைவிட வேகமாக ஈரம் இழுக்கும். உங்கள் வீட்டில் அன்றே சாப்பிட மட்டும் செய்யுங்கள்.

கோவை பார்சலுக்கு ஐசிங், சாக்லேட் முக்கியது எதுவும் வேண்டாம். வழியில் உருகி ஒட்டும். குக்கீகளை இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து, நெருக்கமாக நிறுத்தி அடுக்குங்கள். படுக்கவைத்து அடுக்கினால் மேலே இருப்பவற்றின் பாரத்தில் அடியில் இருப்பவை உடையும். இடைவெளிகளில் கசக்கிய பேக்கிங் பேப்பரைத் திணித்து மூடிவிட்டுக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வரக் கூடாது. அந்த டப்பாவை இன்னும் கொஞ்சம் பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் செய்தித்தாள் அடையுங்கள். கூரியர் என்றால் வாரத் தொடக்கத்தில் போடுங்கள், சனிக்கிழமை போட்டால் ஞாயிறு முழுக்க எங்காவது கிடக்கும். பண்டிகை நெரிசலும் சேர்வதால் 18ஆம் தேதிக்குள் கிளம்பிவிடுவது நல்லது. இரவு பஸ்ஸில் பார்சல் போட்டுவிடும் வசதி இருந்தால் அதுதான் சிறந்தது. காலையில் கையில் கிடைத்துவிடும். ஹாஸ்டலுக்கு முப்பது போதாது என்பதையும் கணக்கில் வையுங்கள், அறையில் இருப்பவர்களும் பங்குக்கு வருவார்கள்.

எப்படியும் பத்துப் பதினைந்து உடையும். அவற்றைக் கொடுக்க வேண்டாம், எறியவும் வேண்டாம். பொடித்து, கொஞ்சம் உருக்கிய வெண்ணெய் விட்டுப் பிசிறி, கிண்ணத்தின் அடியில் அழுத்தி, மேலே கஸ்டர்டு ஊற்றிக் குளிரவைத்தால் 25ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்கு இனிப்பு தயார்.