மூன்று திரை, ஒரே சன்னல்

அன்புள்ள ஐயா,

அப்பாவின் ஹார்டுவேர் கடைக்காக பைத்தானில், சன்னலும் பட்டனும் உண்டாக்கித் தரும் டிகின்டர் வைத்து ஒரு பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். லாகின், பில், இருப்பு என்று மூன்று திரைகள். பட்டனை அழுத்தினால் பழைய சன்னலை மறைத்துவிட்டு, புதிதாக இன்னொரு டிகே சன்னல் திறக்கிறது. ஆனால் இருப்புத் திரையில் என்ன தட்டினாலும், அதைப் பிடித்து வைக்க வேண்டிய ஸ்ட்ரிங்வாரில் வெற்றாகவே வருகிறது. எல்லாவற்றையும் மூடிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் பைத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே தவறு?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான். டிகே என்பது சன்னல், பட்டன் போன்றவற்றை வரைந்து தரும் தொகுப்பு; ஜான் ஔஸ்டர்ஹௌட் தன் டிசிஎல் மொழிக்காக பெர்க்லியில் எழுதியது. பைத்தான் அதைத்தான் உள்ளே வைத்து ஓட்டுகிறது. டிகேயை அழைக்கும் ஒவ்வொரு முறையும் சன்னலோடு அதன் கட்டளைகளை நிறைவேற்றும் ஒரு தனி டிசிஎல் இன்டர்ப்ரெட்டரும் சேர்ந்து வருகிறது. எந்தச் சன்னலுக்கு உரியது என்று சொல்லாமல் உண்டாக்கிய ஸ்ட்ரிங்வார் முதல் இன்டர்ப்ரெட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் எண்ட்ரி பெட்டியோ அடுத்ததில் இருக்கிறது. இங்கே தட்டுவது அங்கே போகாது. லாகின் சன்னலும் மறைந்திருக்கிறதே தவிர மூடப்படவில்லை. ஒரு டிகே சன்னல் மிச்சம் இருந்தாலும், நிரலை ஓட்டிக்கொண்டிருக்கும் மெயின்லூப் நிற்காது.

டிகே ஒன்று போதும். நாடகக் கொட்டகையில் மேடை ஒன்றுதான், அரண்மனைக்கும் காட்டுக்கும் படுதாதான் மாறும். அதுபோல ஒவ்வொரு திரையையும் ஒரு ஃப்ரேமாக (பெட்டிகளையும் பட்டன்களையும் தாங்கும் சட்டம்) எழுதி, மூன்று ஃப்ரேம்களையும் கிரிட்டின் ஒரே கட்டத்தில், ரோ (வரிசை) 0, காலம் (நெடுவரிசை) 0 என்று வையுங்கள். ஒரு டிக்‌ஷனரியில் பெயர் போட்டு வைத்துக்கொண்டால் வேண்டியதை எடுத்துக் காட்டலாம். பில் பார்க்கும்போதே தனியாக ஒரு சன்னல் திறந்தாக வேண்டுமென்றால், அதே டிகேயின் கீழ் திறக்கும் டாப்லெவல் இருக்கிறது.

பெரும்பாலும் இதற்கு டிகேரைஸைத்தான் சொல்லித்தருகிறார்கள். வேண்டிய ஃப்ரேமை அது மேலே தூக்கும், சரி. ஆனால் அடியில் உள்ளவை கண்ணுக்குத்தான் மறைவு. டேப் விசைக்கு மறைவில்லை. நான் எழுதிய முதல் பில்லிங் மென்பொருளில் இதைக் கவனிக்கவில்லை. கவுண்டரில் இருந்த அக்கா மவுஸைத் தொடவே மாட்டார், டேப்பும் என்டரும்தான். ஒருநாள் அவர் தட்டிய எண்ணிக்கை, அடியில் இருந்த திரையின் விலைக் கட்டத்தில் விழுந்தது. அப்புறம் யாரோ அந்தத் திரையைத் திறந்து சேமித்தபோது தவறான விலை பதிவாகிவிட்டது. அவர்மேல் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் திட்டு வாங்கியது அவர்தான். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் டிகேரைஸ் வேண்டாம். காட்டாத ஃப்ரேமுக்கு கிரிட் ரிமூவ் கொடுங்கள். வைத்திருந்த இடத்தை அது நினைவில் வைத்துக்கொள்ளும். வெறும் கிரிட் என்று அழைத்தாலே பழைய இடத்துக்கு வந்துவிடும். டேப்பும் அங்கே போகாது. திரை மாறியதும் முதல் பெட்டிக்கு ஃபோகஸ் செட் கொடுக்க மறக்காதீர்கள், கை நேராகத் தட்ட ஆரம்பிக்கும்.

ஃப்ரேமை அழிக்காததால் உள்ளே இருப்பதும் அப்படியே இருக்கும். பில் திரைக்கு அதுதான் வேண்டும்: ஆணி விலை கேட்டு இடையில் ஒருவர் வந்தால், இருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பாதி பில் அங்கேயே நிற்க வேண்டும். இருப்புத் திரைக்கு மட்டும் தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதி, காட்டும் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸிலிருந்து புதிதாகப் படிக்க வையுங்கள்.