சோப்பு அட்டையைத் தண்ணீரில் போடலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். பக்கத்துத் தெரு கராஜ் சேலில் ஒரு பழைய ஆல்பம் வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் வண்ண அட்டைகள் ஒட்டியிருக்கின்றன, பாதிக்கு மேல் சோப்பு விளம்பரம். பாபிட், லார்கின், டாபின்ஸ் எலெக்ட்ரிக் என்று பெயர்கள். சின்ன வயதில் தபால்தலையை ஊறவைத்துப் பிரித்ததுபோல இவற்றையும் பிரிக்கலாமா? அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: தண்ணீர் மட்டும் வேண்டாம். நானும் தபால்தலையில் தொடங்கி இந்தப் பக்கம் வந்தவன்தான். அந்தத் தைரியத்தில் முதன்முதலில் கிடைத்த அட்டையை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டேன். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே, அட்டையை வாடிக்கையாளருக்குக் கொடுத்த மளிகைக்கடைக்காரர் குத்தியிருந்த ஊதா ரப்பர் ஸ்டாம்ப் ஐந்தே நிமிஷத்தில் கரைந்து, படத்திலிருந்த குழந்தையின் வெள்ளைக் கவுன் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. படம் அச்சானது எண்ணெய் மையில், அது தண்ணீருக்கு அசையாது. கடை முத்திரை சாய மை. அந்த அட்டை எந்த ஊரில் யார் கையிலிருந்து வந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த முத்திரைதான், அதைத்தான் கழுவிவிட்டேன். முத்திரை இல்லாத அட்டையிலும் மேற்பூச்சு ஊறிப் பொங்கும். காய்ந்தபின் பழைய வழவழப்பு வராது.

இன்னொன்று, ஆல்பத்தை ஆல்பமாகவே விடுங்கள். 1880களில் அமெரிக்க வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் இந்த அட்டைகளைச் சேர்த்து, மைதா பசை போன்ற மாவுப் பசையால் ஒட்டிவைத்தார்கள். எதன் பக்கத்தில் எதை ஒட்டினார்கள் என்பதையும் பிரித்தால் இழந்துவிடுவீர்கள்.

சோப்புக்கு ஏன் இத்தனை அட்டை? அதற்கு முன்பெல்லாம் கடையில் சோப்பு என்றால் நீளப் பாளம். கேட்ட அளவுக்கு வெட்டி நிறுத்துக் கொடுப்பார்கள், பெயர் கிடையாது. மாட்டுக்கொழுப்பையும் காரத்தையும் பெரிய கொப்பரையில் நாள்கணக்கில் காய்ச்சி, கடைசியில் உப்பைக் கொட்டினால் சோப்பு திரண்டு மேலே வரும். காரநீரும் கிளிசரினும் அடியில் தங்கிவிடும். துணி சோப்பில் பைன் மரப் பிசினும் சேரும், மஞ்சள் நிறம் அதனால்தான். யார் காய்ச்சினாலும் சரக்கு ஏறத்தாழ ஒன்றுதான். பெயரை வைத்துத்தான் விற்க வேண்டும். நியூயார்க்கில் பெஞ்சமின் பாபிட் சோப்பைக் கட்டிகளாக்கி உறையில் சுற்றி விற்றார். உறைகளைச் சேர்த்து அனுப்பியவர்களுக்கு வண்ணப்படம் கொடுத்தார். பஃபலோ நகரில் 1875இல் தொழில் தொடங்கிய லார்கின், சோப்போடு கூடவே அட்டையை வைத்தார். சுவரில் மாட்டக் கலர் படமே இல்லாத வீடுகள் ஏராளம். பிள்ளை அட்டைக்கு அடம்பிடிக்கும், அம்மா அதே சோப்பை வாங்குவார்.

இனி அசலா என்ற கேள்வி. இவை கல்லச்சில் அடித்தவை. பவேரியாவிலிருந்து வந்த வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு கலந்த மையாலோ கிரேயானாலோ படம் வரைவார்கள். ஈரக் கல் மையைத் தள்ளும், கொழுப்புக் கோடு மையை இழுக்கும். அந்த கிரேயான் எதில் செய்தது தெரியுமா? மெழுகு, மாட்டுக்கொழுப்பு, புகைக்கரி, அப்புறம் சோப்பு! சோப்பு விளம்பரத்தையே சோப்பால் வரைந்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். அதனால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், கன்னத்தின் ரோஜா நிறம் கையால் வைத்த ஒழுங்கற்ற புள்ளிகளாகத் தெரியும். பழுப்பு, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் எல்லாம் தனித்தனி மையாக இருக்கும். ஓரங்களில் ஒரு வண்ணம் மயிரிழை விலகியிருந்தால் சந்தோஷப்படுங்கள். பிற்கால மறுபதிப்பென்றால் நான்கே மைகள், புள்ளிகள் கோலப்புள்ளிபோல வரிசையாக, சின்னப் பூ வட்டங்களாக நிற்கும். வீட்டு பிரிண்டரில் எடுத்ததும் ஒழுங்கற்ற புள்ளிகளாகத் தெரியலாம், ஏமாறாதீர்கள். எழுத்துகளின் விளிம்பு பிசிறடித்திருக்கும். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய தாள்.

அட்டையில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரைத் தேடுங்கள்: ‘டொனால்ட்சன் பிரதர்ஸ், ஃபைவ் பாயின்ட்ஸ், நியூயார்க்’, ‘கோசாக், பஃபலோ’ என்பதுபோல. நிறுவனத்தின் முகவரி மாறிய காலத்தோடு அதை ஒப்பிட்டால் சில வருஷ இடைவெளிக்குள் வந்துவிடலாம். டாபின்ஸ் அட்டைகளில் ஷேக்ஸ்பியரின் ‘மனிதனின் ஏழு பருவங்கள்’ வரிசை இருக்கிறதா பாருங்கள், முழுவதும் ஏழு. பெயரில் ‘எலெக்ட்ரிக்’ இருந்தாலும் சோப்பில் மின்சாரம் எதுவும் கிடையாது. அப்போது அந்தச் சொல்லுக்கு மவுசு, அவ்வளவுதான்.

கறுப்பினக் குழந்தையைத் தேய்த்து வெள்ளையாக்கும் படமோ, சீனச் சலவைக்காரரைக் கேலி செய்யும் படமோ வரக்கூடும். இல்லினாய்ஸ் மாநிலம் டிக்ஸனில் தயாரான ‘மேஜிக் வாஷர்’ என்ற சலவை மருந்துக்கு, அமெரிக்காவை உருவகப்படுத்தும் தாத்தாவான அங்கிள் சாம் சீனர்களை உதைத்துத் துரத்தும் 1886ஆம் ஆண்டு விளம்பரமே உண்டு. சீனக் கூலிகளுக்கு அமெரிக்கா கதவடைத்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. இவற்றைக் கிழித்துப் போடாதீர்கள், பிள்ளைகளிடமிருந்து ஒளிக்கவும் வேண்டாம். சிவப்பழகு கிரீம் விற்கும் ஊரிலிருந்து போன நமக்கு இதைப் படிக்கக் கஷ்டமிருக்காது.

விலையைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். ஒட்டிய தடமுள்ள சாதாரண அட்டைகள் சில டாலர்களுக்கே கிடைக்கின்றன.

பாதுகாப்புக்குச் செலவு குறைவு. பக்கங்களுக்கு நடுவே அமிலமற்ற தாள் வையுங்கள். ஆல்பத்தை அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, படுக்கையறை அலமாரியில் வையுங்கள். பேஸ்மென்ட் கூடாது. அங்கே ஈரம் ஏறும், மாவுப் பசையைத் தேடி இராமபாணப் பூச்சி வரும். லேமினேஷன், செலோடேப் இரண்டையும் கிட்டவே விடாதீர்கள். தானாகக் கழன்று விழுந்த அட்டைகளை மட்டும் பாலியெஸ்டர் உறையில் போட்டு, எந்தப் பக்கத்தில் எந்த மூலையிலிருந்து விழுந்தது என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள்.