கோச் போய்விட்டார், மகளின் உபகாரச் சம்பளம் என்ன ஆகும்?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். மகள் 400 மீட்டர் ஓட்டக்காரி. அமெரிக்காவின் மத்திய மேற்கில், அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உபகாரச் சம்பளம் கிடைத்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. விசாவும் வந்துவிட்டது. ஆகஸ்ட்டில் புறப்பட வேண்டும். இப்போது பார்த்தால், அவளைத் தேர்ந்தெடுத்த தலைமைப் பயிற்றுநர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். விளையாட்டுத் துறை இயக்குநரும் மாறிவிட்டாராம். பழைய கோச் “என்னோடு வந்துவிடு” என்று வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். சம்பளம் நிலைக்குமா? சேமநிதியில் கை வைக்கலாமா?

பதில்: முதலில் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். “அந்தக் கோச் இல்லாவிட்டால் நான் வரவில்லை” என்று கோபத்திலோ வருத்தத்திலோ யாருக்கும் எழுதிவிடக் கூடாது. கையெழுத்தான நிதியுதவியைப் பல்கலைக்கழகம் இடையில் நிறுத்த அனுமதிக்கும் காரணங்கள் சிலவே: மாணவி தகுதி இழப்பது, விண்ணப்பத்தில் பொய் சொல்வது, கடுமையான ஒழுங்கு மீறல், தானாக விலகுவது. ஓட்டம் சரியில்லை, காயம் பட்டுவிட்டது, புதிய கோச்சுக்குப் பிடிக்கவில்லை என்பவை அந்தப் பட்டியலில் இல்லை. அவசரத்தில் அனுப்பும் அந்த ஒரு வரி ‘தானாக விலகியது’ ஆகிவிடலாம்.

அவள் கையெழுத்திட்டது பல்கலைக்கழகத்தோடுதான், கோச்சோடு அல்ல. நம் ஊர்த் திடல்களில் இன்னும் ‘என்.எல்.ஐ.’ என்ற, சேருவதாக உறுதி சொல்லும் கடிதம் பற்றிப் பேசுகிறார்கள். அந்த முறையை என்.சி.ஏ.ஏ. 2024 அக்டோபரிலேயே எடுத்துவிட்டது. இப்போது செல்லுபடியாவது நிதியுதவி ஒப்பந்தம் மட்டும்தான். அதை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை முதலில் பாருங்கள். ஓராண்டா, பல ஆண்டுகளா? அடுத்து, கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் ஆகியவற்றில் எவை அடங்கும், எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு ஒப்பந்தம் என்றால், புதுப்பிப்பார்களா இல்லையா என்பதை ஜூலை 1க்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். மறுத்தால் முறையீடு செய்யலாம். அந்த விசாரணையை நடத்துவது விளையாட்டுத் துறை அல்ல, பல்கலைக்கழகத்தின் நிதியுதவிப் பிரிவு. கோச் மாற்றத்தின் உண்மையான ஆபத்து முதல் ஆண்டில் இல்லை, புதுப்பிப்பு வரும் நேரத்தில்தான்.

இன்னொரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கல்லூரி விளையாட்டாளர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத் தீர்வுக்கு முன், பெண்கள் திடல்தடக் குழுவுக்கு 18 உபகாரச் சம்பளங்கள்தான் உச்சவரம்பு. தீர்வில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அந்த வரம்பு போய், குழுவில் 45 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்துவிட்டது. புதிய கோச் வந்ததும் தமக்கு வேண்டியவர்களைக் கொண்டுவருவார். யாரையாவது பட்டியலிலிருந்து எடுக்க வேண்டிவரும். ஆகவே ‘சம்பளம் உண்டு’ என்பதும் ‘குழுவில் இடம் உண்டு’ என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். கட்டணம் எல்லாம் கட்டியாகி, ஓட மட்டும் இடம் இல்லாமல் ஒரு பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்க நேரிடலாம். இரண்டையும் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது? விளையாட்டுத் துறையில் விதிமுறைகளைக் கவனிக்கும் ‘கம்ப்ளையன்ஸ்’ அலுவலகத்திடம். தற்காலிகக் கோச்சிடம் இதைக் கேட்டால் நல்ல வார்த்தை சொல்வார். அவருக்கே நாளை வேலை இருக்குமா என்று தெரியாது. மின்னஞ்சல் மகளின் பெயரில், அவள் பதிவெண்ணோடு போகட்டும். நான்கே கேள்விகள் போதும்: ஒப்பந்தம் மாற்றமின்றி நடப்பில் உள்ளதா? வரும் பருவத்துக்குக் குழுப் பட்டியலில் பெயர் உள்ளதா? 200, 400 மீட்டர் பயிற்சியை இப்போது யார் பார்க்கிறார்? புதிய தலைமைப் பயிற்றுநர் எப்போது அறிவிக்கப்படுவார்? கோடையில் அந்தப் பகுதி நமக்குப் பெரும்பாலும் 13 மணி நேரம் பின்னால் இருக்கும். நம் இரவு 9 மணிக்கு அனுப்பினால் அங்கே காலை 8 மணி, அலுவலகம் திறக்கும் நேரம். ஐந்து வேலை நாளில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலைத் திரும்ப அனுப்பி, அனைத்துலக மாணவர் அலுவலகத்துக்கும் நகல் வையுங்கள்.

மூன்றாவது கேள்விதான் விளையாட்டு நோக்கில் மிக முக்கியம். விளையாட்டுத் துறை இயக்குநர் பணத்தையும் கோச் நியமனத்தையும் பார்ப்பவர். உங்கள் மகள் அவரை ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்தால் அதிகம். திடல்தடத்தில் தலைமைப் பயிற்றுநர்கூட மொத்தக் குழுவை நடத்துபவர்தான். தினமும் ஸ்டாப்வாட்ச்சோடு பக்கத்தில் நிற்பவர் குறுவிரைவு ஓட்டத் துணைப் பயிற்றுநர். அவர் அங்கேயே இருக்கிறார் என்றால் உங்கள் கவலையில் பாதி தீர்ந்தது. ஆனால் தலைமை மாறினால் துணையும் மாறுவது அங்கே சகஜம். அவரும் போய்விட்டார் என்றால், புதியவர் 400 மீட்டரை எப்படிப் பயிற்றுவிக்கிறார் என்று கேளுங்கள்: 200 மீட்டர் வேகத்தை மேலே இழுப்பவரா, 600 மீட்டர் ஓட்டங்களால் தாக்குப்பிடிக்க வைப்பவரா? மகள் எந்த ரகம் என்று அவளுடைய இப்போதைய பயிற்றுநருக்குத் தெரியும். இரண்டும் பொருந்தாவிட்டால் முதல் ஆண்டு கஷ்டம்தான். பிரிவின் பெயரைவிட இது பெரிது. நம் நாட்டு ஷெரீன் சாம்சன் வல்லபோய், இரண்டாம் பிரிவில் உள்ள வினோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2023இல் 400 மீட்டர் தேசியச் சாதனையை முறியடித்தார்.

பழைய கோச்சின் வாட்ஸ்அப்புக்கு இப்போது பதில் வேண்டாம். ஒரு பல்கலைக்கழகத்தோடு கையெழுத்திட்டவரை மற்றப் பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் அழைத்துப் பேசக் கூடாது என்பது விதி. அவர் இப்போது ‘மற்றப் பல்கலைக்கழக’க் கோச். உண்மையிலேயே அங்கே போக விரும்பினால், முதலில் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடம் எழுதி விடுவிப்புப் பெற்று, புதிய இடத்தின் ஒப்பந்தம் கையில் வந்த பிறகே பழையதை விட வேண்டும். “விடுவிப்பு வாங்கித் தருகிறேன், சம்பளத்தில் இத்தனை சதவீதம் கொடு” என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். சம்பளத் தொகையின் அடிப்படையில் இடைத்தரகருக்குக் கூலி கொடுப்பது அவளுடைய தகுதியையே கெடுத்துவிடும்.

இடம் மாறினால் விசா வேலையும் முதலிலிருந்து தொடங்கும். எஃப்-1 மாணவர் விசாவிலும், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 சேர்க்கைப் படிவத்திலும் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்க வேண்டும்; முதல் முறை உள்ளே நுழையும்போது அங்கேதான் போய்ச் சேர வேண்டும். மாறினால் புதிய ஐ-20, கோலாலம்பூர் தூதரகத்தில் மறுபடியும் விண்ணப்பம், 185 டாலர் விண்ணப்பக் கட்டணம். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணத்தை மட்டும் புதிய எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஜூலை, ஆகஸ்ட்டில் நேர்காணல் தேதி கிடைப்பது உங்கள் கையில் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, முதல் ஆண்டை இப்போதைய இடத்தில் முடித்துவிட்டு மாறுவது பற்றி யோசிப்பதே பாதுகாப்பு என்பேன். சேர்ந்த பிறகு தலைமைப் பயிற்றுநர் மாறினால், மாணவி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்று தனியாகக் குறுகிய காலம் திறக்கும். நாள் கணக்கு விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும். ஆனால் மாறப் போவதாக அறிவித்த பருவத்தின் முடிவில் பழைய இடம் சம்பளத்தை நிறுத்தலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சேமநிதி விஷயம். ஐ-20 படிவத்தில் ஆண்டுச் செலவு ஒரு பக்கமும், பணம் எங்கிருந்து வருகிறது என்பது மறு பக்கமும் அச்சிட்டிருக்கும். பல்கலைக்கழகம் தருவது என்ற வரியையும் சொந்தப் பணம் என்ற வரியையும் பாருங்கள். சொந்தப் பணம் என்ற இடத்தில் உள்ள தொகைதான் உங்கள் சுமை. இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில், கல்விக்கான பணத்தை ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் மேலே சொன்ன முதல் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும் வரை எடுக்காதீர்கள். விமான டிக்கெட்டும் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். ஐ-20இல் உள்ள தொடக்க நாளுக்கு 30 நாள் முன்பிருந்துதான் உள்ளே விடுவார்கள்.

புதிய கோச் மகளைப் பார்த்ததே இல்லை. அவருக்கு ஒரு பக்கத்தில் அறிமுகம் தயாரியுங்கள்: 200, 300, 400 மீட்டர் சிறந்த நேரங்கள், எங்கே, எப்போது ஓடியது, வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, பட்ட காயங்கள். நேரம் கையால் எடுத்ததா, மின்னணுக் கடிகாரமா என்பதை எழுதாமல் விடாதீர்கள். கைநேரமாக இருந்தால் 200 மீட்டருக்கு 0.24 விநாடியும் 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டித்தான் ஒப்பிடுவார்கள். மாவட்டப் போட்டியில் கையால் எடுத்த 57.2, அவர் கணக்கில் 57.34. மறைத்தால் முதல் சோதனை ஓட்டத்திலேயே வெளிப்பட்டு நம்பிக்கை போய்விடும். கடைசி 120 மீட்டரைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த அரை நிமிடக் காணொளியும் சேருங்கள். களைத்த பிறகு இடுப்பு இறங்குகிறதா என்றுதான் 400 மீட்டர் கோச் முதலில் பார்ப்பார்.

மகள் பள்ளிப் புல் திடலில் மட்டும் ஓடுகிறவள் என்றால், புறப்படும் வரை வாரம் இரண்டு நாள் ஈப்போவில் செயற்கைத் தடத்தில் ஓட வையுங்கள், அதுவும் முதலில் சாதாரணக் காலணியில். புல்லிலிருந்து நேரே கடினத் தடத்துக்கும் எடைப் பயிற்சிக்கும் போனால் மூன்று நான்கு வாரத்தில் முன்கால் எலும்பு வலிக்க ஆரம்பிக்கும். புதிய கோச்சிடம் அந்த நிலையில் போய் நிற்கக் கூடாது.

‘ஒரு வருஷம் தள்ளிப் போடலாமே’ என்று உறவினர்கள் சொல்வார்கள். அதற்கும் விலை உண்டு. படிப்பு முடித்து நீண்ட இடைவெளி விட்டு, கல்லூரியில் சேராமல் போட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தால் முதல் பிரிவில் போட்டியிட அனுமதிக்கும் தகுதியாண்டு குறையலாம். எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்த தேதியையும் அதற்குப் பிறகு ஓடிய போட்டிகளையும் எழுதி, என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்திடம் கேட்ட பிறகே அந்த முடிவுக்கு வாருங்கள்.