பின்னி மில்லில் இருந்தவருக்கா புரியாது?

கேள்வி: எனக்கு வயது 29. வீடு புளியந்தோப்பு. ஒரு சின்ன விமான நிறுவனத்தில் துணை விமானி, ஏடிஆர் என்கிற சின்னப் பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, அதற்கு முந்தைய மாதம் பாதிதான் வந்தது. ஐந்து விமானங்களில் இரண்டு நிற்கின்றன, அவற்றிலிருந்து பாகங்களைக் கழற்றித்தான் மற்றவற்றை ஓட்டுகிறார்கள். முதலீட்டாளர் வருகிறார் என்கிறது நிர்வாகம். சீனியர்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். பைலட் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்து 40 லட்சம் கடன் வாங்கினோம், அதில் இரண்டு தவணை கட்டவில்லை. வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். அப்பா பின்னி மில்லில் இருந்தவர், அவருக்கு இதெல்லாம் புரியாது, அதனால் சொல்லவில்லை. கம்பெனி தப்பிக்குமா? இருக்கட்டுமா, போகட்டுமா?

பதில்: தம்பி, உன்னை நீ என்றே எழுதுகிறேன். என் பெரியவனுக்கு உன்னைவிட இரண்டு வயது கூட.

நீ அனுப்பிய நாலு பக்கத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். மூன்றரைப் பக்கத்துக்கு மேல் நிர்வாகத்தைப் பற்றி, வாட்ஸ்அப் குரூப்பில் யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றி. அப்பாவுக்கு ஒன்றரை வரி. இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை, டயர் கம்பெனி, கப்பல் ஏஜென்சி, ஐடி என்று கம்பெனிதான் மாறும், 'வீட்டில் சொல்லவில்லை' என்பது மட்டும் எல்லாவற்றிலும் அப்படியே இருக்கும். ஆனால் காரணம் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பின்னி மில்லில் இருந்தவருக்கா புரியாது?

அந்தத் துணி மில் மூடியது 1996-ல். நீ பிறந்த சமயம். பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று தெருத் தெருவாக அந்த மில்லை நம்பி இருந்தவர்கள் நாங்கள் எல்லோரும். இந்த நாட்டில் முறையான தொழிற்சங்கம் என்று ஒன்று முதலில் தொடங்கியதே அந்த மில்காரர்களை வைத்துத்தான், 1918-ல், திரு.வி.க.வெல்லாம் நின்று நடத்திய சங்கம். அப்பேர்ப்பட்ட மில்லே மூடியது. நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய ஒரு இடம் எப்படி நின்று போகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்த மனிதர் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், நீ வாட்ஸ்அப் குரூப்பில் துப்பு தேடிக்கொண்டிருக்கிறாய்.

நிற்கிற விமானத்தில் கழற்றி ஓடுகிற விமானத்தில் மாட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, இதை அவரிடம் சொல்லிப் பார். ஓடாத தறியில் கழற்றி ஓடுகிற தறியில் மாட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு மில்காரருக்கு நீ விளக்க வேண்டுமா?

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி மூடப்போகிறது என்று எனக்குச் சொன்னது அவர் இல்லை, அவர்கள் கேன்டீன்காரர். பாக்கி கேட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கம்பெனி தனக்குப் பணம் கொடுக்கவில்லை, அதனால் ஆள் ஆளாகப் போய் வசூல் பண்ணுகிறேன் என்றார். அந்த மனுஷனுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்து அழுதது கம்பெனிக்காக இல்லை. மூன்று மாதமாக என் பக்கத்தில் படுத்துத் தூங்காமல் புரண்டவர் ஏன் என்று சொல்லவில்லையே, அதற்காக. இப்போதும் அதை நினைத்தால் அவருடன் ஒரு சண்டை போடத் தோன்றும்.

உனக்கும் ஒரு கேன்டீன்காரர் வருவார், அவர் வங்கியிலிருந்து வருவார். இரண்டு தவணை போயிற்று. தவணை தவறி 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன் கணக்கில் போகும். அப்புறம் சர்ஃபேசி சட்டத்தில், அதாவது கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழி விடுகிற சட்டத்தில், 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் வரும், அதற்கும் கட்டவில்லை என்றால் வீட்டின் மேல் கை வைக்கலாம். வீடு யார் பேரில் இருக்கிறது என்று நீ எழுதவில்லை, ஆனால் 29 வயதில் உன் பேரில் இருக்காது. நோட்டீஸ் அப்பா பேருக்கு வரும். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் வீட்டைப் பற்றி அவர் அதில் படிக்கட்டும் என்றா விட்டு வைத்திருக்கிறாய்? மகன் கடனுக்கு வீட்டை வைத்தவருக்கு அந்தக் கடனின் நிலவரம் தெரிய வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அவர் மனசு கஷ்டப்படும் என்று மறைக்கிறாய் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கென்னவோ, தோளில் பட்டை வைத்த சட்டையோடு அவர் முன்னால் நின்று பழகிவிட்டாய், சம்பளம் வராத பிள்ளையாக நிற்கக் கூச்சம்.

அதைவிட மோசம் அந்தப் பெண் பார்க்கிற விஷயம். பெண் வீட்டில் பையனுக்கு என்ன சம்பளம் என்று கேட்டிருப்பார்கள். உன் அப்பா ஒரு தொகை சொல்லியிருப்பார், பெருமையாகவே சொல்லியிருப்பார். அது பொய் என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் ஏமாற்றுக்காரன் பட்டம் அவருக்குத்தான். இந்த வாரமே அந்தப் பேச்சை நிறுத்தி வை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல். உன் சம்பளச் சீட்டுக்காகக் காத்திருக்காத பெண்ணாக இருந்தால் காத்திருப்பாள், இல்லாவிட்டாலும் உனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கம்பெனி தப்பிக்குமா என்று எனக்கு ஜோசியம் தெரியாது. இந்தத் தெற்குப் பக்கத்திலேயே பாரமவுண்ட், ஏர் பெகாசஸ், ஏர் கோஸ்டா, ட்ரூஜெட் என்று எத்தனையோ பேர் பறந்து நின்றுவிட்டார்கள். எரிபொருள் விலை ஏறும், விமான வாடகையை டாலரில் கட்ட வேண்டும், சின்ன ஊர்களுக்குப் பறக்க அரசு கொடுக்கிற உடான் மானியமும் சில வருஷம்தான், சின்ன நிறுவனம் எவ்வளவு தாங்கும்? முதலீட்டாளர் கதைக்கு ஜெட் ஏர்வேஸ் போதும். 2019 ஏப்ரலில் நின்றது, வாங்க ஆள் வந்தது, மறுபடி பறக்கும் என்றார்கள், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கலைத்துவிடச் சொன்னது. ஐந்தரை வருஷம்! அதற்குள் உன் கடன் எத்தனை தவணை தவறியிருக்கும், கணக்குப் போட்டுக்கொள்.

ஆகவே போ. ஆனால் இன்றைக்குப் போ என்றால் முடியாது என்பது உனக்கே தெரியும், துணை விமானிக்கு ஆறு மாத நோட்டீஸ் என்று விமானத் துறையைக் கண்காணிக்கிற டிஜிசிஏ-வின் விதி இருக்கிறது, கம்பெனி தடையில்லாச் சான்று (என்ஓசி) கொடுத்து முன்னாலேயே விடுவித்தால் அது குறையும். நீ ராஜினாமா கடிதம் கொடுக்கிற நாளிலிருந்துதான் அந்த ஆறு மாதம் ஓடத் தொடங்கும். முதலீட்டாளருக்காகக் காத்திருக்கிற ஒவ்வொரு வாரமும் நீ உன் தலையில் சேர்த்துக்கொள்கிற வாரம். ஏடிஆர் ஓட்ட ஆள் தேவைப்படுகிற இடம் இண்டிகோ, அலையன்ஸ் ஏர், ஃப்ளை91 என்று இருக்கிறது. சீனியர்கள் எல்லாம் அங்கே விண்ணப்பம் போட்ட பிறகு கடைசியில் போய் நிற்காதே.

ஆபீசில் ஆள் இருக்கும்போதே பறந்த மணிக்கணக்கு, பயிற்சி ரெக்கார்டு எல்லாவற்றையும் கையெழுத்தோடு வாங்கி வை. பூட்டிய ஆபீசில் யாரைக் கேட்பாய்? பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பார், பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று. சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டியிருக்கிறார்களா என்று வருமான வரி தளத்திலும் பார். வங்கிக்கு 90 நாள் ஆகும் முன்பே போய், தவணையைக் குறைத்து வருஷத்தை நீட்டச் சொல்லி எழுதிக் கொடு, வாராக்கடனாகிவிட்டால் அவர்கள் பேசுகிற தொனியே வேறு. ராத்திரி தூங்கவில்லை என்றால் காலையில் பறக்க முடியாது என்று சொல்லிவிடு, தயங்காதே. பின்னால் எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களும் யாரோ ஒருவர் வீட்டு ஆட்கள்.

வங்கிக்குத் தனியாகப் போகாதே. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை மாதம் சம்பளம் வரவில்லை, எத்தனை தவணை போயிற்று என்று இரண்டே எண்ணைச் சொல். அப்புறம் பேசாமல் இரு. திட்டுவார். திட்டட்டும்.

இன்னொன்று. மில்லில் இருந்தவர் என்றாயே, நூற்பா, நெசவா, சாயமா, எந்த டிபார்ட்மெண்ட் என்று எழுதவில்லை. உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு எனக்கு எழுது.