வீட்டோடு படிக்கிற நாவல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன், மாமியார் என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, வளரும் பருவத்துச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய 160 பக்க நாவலை ராத்திரியில் படிக்கத் தொடங்கினோம். நாலாம் நாளே மகள் எழுந்து போய்விட்டாள். மாமியாருக்குத் தமிழைவிட, நீலகிரிப் படுகர்கள் பேசும் படுக பேச்சுதான் சரளம். எங்கே தப்பு?
– வாசகி, கோத்தகிரி

பதில்: ஒரு ராத்திரிக்கு எத்தனை பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. முக்கால் மணி நேரம் இழுத்திருப்பீர்கள் என்பது எங்கள் ஊகம். நிதானமாக வாய்விட்டுப் படித்தால் சிறுவர் நாவலின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 2 நிமிடம் பிடிக்கும். பத்துப் பக்கம், 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 16 ராத்திரியில் முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் சின்னவன் தூங்கிவிடுவான், பெரியவள் நெளிவாள். அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். அங்கே கதையே ஓய்ந்துவிடுகிறது. சிறுமி கதவைத் தட்டக் கையைத் தூக்கும் இடத்தில் மூடி வையுங்கள்.

மகள் எழுந்து போனதற்கு வேறு காரணமும் இருக்கலாம். வயதுக்கு வருவது, தோழியோடு சண்டை, அம்மாவிடம் சொன்ன பொய் எல்லாம் இந்த மாதிரி நாவலில் வரும். அந்த இடத்தில் படிப்பவர் நிமிர்ந்து, "உனக்கும் இப்படித்தானா?" என்று கேட்டால் கதை விசாரணையாகிவிடும். கேட்காதீர்கள். அந்தப் பக்கங்களை அவளே படிக்கட்டும். கண் புத்தகத்தில் இருக்கும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அவள் மாட்டேன் என்றால் நீங்களே படியுங்கள்; ஆனால் முந்தைய நாளே தனியாக ஒருமுறை படித்துவிடுங்கள், குரல் தடுமாறாது.

மாமியாருக்காக வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம், கதையின் வேகம் செத்துவிடும். தொடங்கும் முன் முந்தைய நாள் கதையைச் சின்னவன் பாட்டிக்குப் படுக பேச்சில் சொல்லட்டும், மூன்று நிமிடம் போதும். அவன் எதை விட்டுவிடுகிறான் என்று கவனித்தால், எது அவனுக்குப் புரியவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: கொடைக்கானலில் நடக்கும் சிறுவர் நாவல் எழுதுகிறேன். குறிஞ்சி பூப்பதை வைத்துப் பையன் வளர்வதைச் சொல்லலாமா?
– வாசகர், பூம்பாறை

பதில்: தாராளமாக. ஆனால் கணக்கு பிசகக் கூடாது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்: 2006, 2018, அடுத்து 2030. ஐந்து வயதில் ஒரு பூப்பைப் பார்த்து ஞாபகம் வைத்திருக்கும் பையனுக்கு அடுத்ததில் பதினேழு ஆகிவிடும். சிறுவர் நாவலுக்கு அது தாண்டிய வயது. ஆகவே அவன் 2018இல் பிறக்கட்டும், முதல் பூப்பை அம்மாவோ தாத்தாவோ சொல்லிக் கேட்கட்டும், 2030இல் பன்னிரண்டு வயதில் தன் கண்ணால் பார்க்கட்டும்.

பூவை டிசம்பர் உறைபனியில் பூக்க வைத்துவிடாதீர்கள். ஆகஸ்டு, செப்டம்பர் பொருந்தும். விதை உதிர்ந்ததும் செடி பட்டுப்போகும், அதையும் ஒரு பத்தியில் காட்டலாம். குறிஞ்சியில் வேறு ஆண்டுக் கணக்கில் பூக்கும் வகைகளும் உண்டு என்பதால் 'நீலக்குறிஞ்சி' என்றே எழுதுங்கள். இன்னொன்று: சோலை, அதாவது மலையில் இயற்கையாக வளர்ந்த காடு, என்று சொல்லிவிட்டு அதற்குள் பைன் மரத்தை நிறுத்தாதீர்கள். பைனும் யூகலிப்டசும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மலைப்பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: சத்தமாகப் படிக்கும்போது சில வரிகளை விட்டுவிட்டுப் போகலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: வர்ணனையில் விடலாம். உரையாடலில் ஒரு வரி விட்டாலும் அடுத்த பதில் யாருடையது என்று குழம்பும்.