ஜீனோவின் ஆமையும் அம்பும்: கேள்வி பதில்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன், ஐயா. 100 மீட்டர் முன்னால் புறப்பட்ட ஆமையை, வேகமாக ஓடும் காவிய வீரன் அக்கிலீஸ் பிடிக்கவே முடியாது என்கிறார் பண்டைய கிரேக்கத் தத்துவஞானி ஜீனோ. ஆமை இருந்த இடத்துக்கு அவன் வருவதற்குள் அது சற்று நகர்ந்திருக்கும். அங்கே போவதற்குள் மறுபடியும் நகர்ந்திருக்கும். இதில் தவறு எங்கே?

பதில்: எண்களை இட்டுப் பாருங்கள். அக்கிலீஸ் விநாடிக்கு 10 மீட்டர், ஆமை 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்துக்கு 10 விநாடி, அடுத்ததற்கு 1, பிறகு 0.1, 0.01... கூட்டினால் 11.111..., அதாவது 100/9 விநாடி. கட்டங்களுக்கு முடிவில்லை, ஆனால் எத்தனை கட்டங்களைச் சேர்த்தாலும் 12 விநாடியைத் தொடாது. கட்டங்களை எண்ணி மாளாது என்பதிலிருந்து, பிடிக்கும் நேரமே வராது என்று ஜீனோ தாவுகிறார். தவறு அந்தத் தாவலில்தான்.

கேள்வி: நான் ஆசிரியர். ஒரு சமன்பாட்டில் இதே விடை வந்துவிடுகிறதே, முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போகும் இந்தத் தொடர் எதற்கு?

பதில்: 10 மடங்கு நேரம் = 100 + நேரம் என்று எழுதும்போதே இருவரும் சந்திப்பார்கள் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஜீனோ மறுப்பது அதைத்தான். வகுப்பில் சமன்பாட்டை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கேள்வியின் உயிர் போய்விடும்.

கேள்வி: கடைசி உறுப்பே இல்லாத தொடரை யார் கூட்டி முடித்தது?

பதில்: யாரும் கூட்டி முடிக்கவில்லை. 1 + 1/4 + 1/16 + ... என்ற வரிசையைக் கொண்டு பரவளையத் துண்டின் பரப்பை அளந்த ஆர்க்கிமிடீஸ்கூட, 4/3ஐவிடக் கூடவும் முடியாது, குறையவும் முடியாது என்று நிறுவினாரே தவிர, முடிவிலி வரை கூட்டியதாகச் சொல்லவில்லை. 1821இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி தெளிவான வரையறை தந்தார்: முதல் சில உறுப்புகளின் கூட்டல்கள் எந்த எண்ணை வேண்டிய அளவுக்கு நெருங்கி, பின் விலகாமல் இருக்கின்றனவோ, அந்த எல்லையே தொடரின் கூடுதல். ஜீனோவுக்கும் கோஷிக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஜீனோவை வெறும் குதர்க்கவாதி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போனால் போதுமா?

பதில்: போதாது. 1 + 1/2 + 1/3 + 1/4 + ... எந்த எண்ணையும் தாண்டி வளரும் என்று 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஒரேம் நிறுவினார். பாதி தூரம், மீதியில் பாதி என்று ஓடும் ஒருவன், அந்தக் கட்டங்களுக்கு முறையே 1, 1/2, 1/3 விநாடி எடுத்துக்கொண்டால் இலக்கை அடையவே மாட்டான். அங்கே ஜீனோ சொல்வது உண்மையாகிவிடும்!

கேள்வி: அம்புப் புதிர்தான் என்னை உறங்கவிடவில்லை. ஒரு கணத்தில் அம்பு தன் அளவுள்ள இடத்தில் அப்படியே இருக்கிறது. எல்லாக் கணங்களிலும் அப்படித்தான். பிறகு எப்போது பறக்கிறது?

பதில்: ஜீனோவின் புதிர்களில் மிக ஆழமானது இதுவே. விழும் கல்லை எடுத்துக்கொள்வோம். தோராயமாக, கடந்த தூரம் 5 × நேரத்தின் வர்க்கம். 1ஆவது விநாடிக்கும் 1.1ஆவது விநாடிக்கும் இடையே சராசரி வேகம் விநாடிக்கு 10.5 மீட்டர், 1.01 வரை பார்த்தால் 10.05, 1.001 வரை 10.005. முன்பக்கமிருந்து, 0.9 முதல் 1 வரை, 9.5. இருபுறமிருந்தும் நெருங்கும் எண் 10. 'ஒரு கணத்தின் வேகம்' என்று நுண்கணிதம் சொல்வது இந்த எல்லையைத்தான். அக்கம்பக்கக் கணங்கள் இல்லாமல் அதற்குப் பொருளில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். ஓய்வுக்கும் அக்கம்பக்கம் வேண்டும். தனிக் கணத்தில் அம்பு பறக்கிறது என்று சொல்ல முடியாதது போலவே, நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. தன் அளவுள்ள இடத்தில் இருப்பதை ஓய்வு என்று ஜீனோ பெயரிட்டபோதே புதிருக்குள் விடையை ஒளித்துவிட்டார். வெவ்வேறு கணங்களில் வெவ்வேறு இடங்களில் இருப்பதே அசைவு.

கேள்வி: ஆமை ஜீனோவே சொன்னதா?

பதில்: அவர் எழுத்து நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. அரிஸ்டாட்டில் தரும் வடிவில் மெதுவாக ஓடுபவர் என்றுதான் இருக்கிறது. ஆமை பிற்கால உரையாசிரியர்களிடம் வருகிறது.

கேள்வி: குவாண்டம் இயற்பியலிலும் ஜீனோ பெயர் வருகிறதாமே?

பதில்: ஆம். இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால், நிலையற்ற ஒரு துகள் சிதையாமலே இருந்துவிடும் என்று 1977இல் இயற்பியலாளர்கள் மிஸ்ராவும் சுதர்சனும் கணக்கிட்டு, அதற்கு ஜீனோவின் பெயரைச் சூட்டினார்கள். சுதர்சன் பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 1990இல் அமெரிக்காவில் பெரிலியம் அயனிகளை அடிக்கடி அளந்து பார்த்தபோது, அவை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவுவது தடைப்பட்டது. அம்பு நிற்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் அயனி தயங்குகிறது.